வராத மொடல்

(உலகப் புகைப்பட தினத்தையொட்டி ஹட்டனில் இளம் படப்பிடிப்பாளர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து மணிக்குக் கூட்டம் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். இப்போது பத்தே முக்கால். கதிரைகளில் பாதி காலி. வெளியே ஓகஸ்ட் மழை. எதிரே நிற்கிற பஸ்கூடத் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். ஏற்பாட்டாளர் தம்பி என் காதருகே வந்து, "ஐயா, வாறன்னு சொன்ன ஆட்கள் நிறையப் பேர் வரல்ல. கொஞ்ச நேரம் பார்த்துத் தொடங்குவமா?" என்று கேட்டார். எனக்குத் தந்த தலைப்பே அதுதானே தம்பி, தொடங்கிவிடுவோம் என்றேன்.

சொன்ன நேரத்துக்கு மொடல் வராவிட்டால் என்ன செய்வது என்பதுதான் உங்கள் கேள்வி. அது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். நல்ல கமரா கடனுக்கு வாங்கியாகிவிட்டது. தலவாக்கலையிலோ கொட்டகலையிலோ ஒரு தங்கச்சியிடம் பேசுகிறீர்கள். காசு கிடையாது, "நீ நில்லு, நான் எடுக்கிறேன், படம் உனக்கும் எனக்கும்" என்று ஒப்பந்தம். வெளியூர்களிலும் இந்த வழக்கம் உண்டு, அங்கே அதற்கு டி.எஃப்.பி. என்று பெயர். இரவு ஒன்பது மணிக்கு வட்ஸ்அப்பில் "சரி அண்ணா" என்று ஒரு கட்டை விரல் வரும். காலை ஆறு மணிக்கு நீங்கள் தேயிலை மலையில் நிற்பீர்கள், அந்தப் போன் ஓஃப். பிறகு ஒரு வாரத்துக்கு உங்கள் வாயில் அந்தப் பிள்ளையின் பெயர் படாத பாடு படும். "பேக்காட்டிட்டா" என்பீர்கள்.

பேக்காட்டினாளா என்பதைக் கொஞ்சம் ஆற அமரப் பார்ப்போம். அதற்கு இங்கிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறவேண்டும். அங்கே சென்ட் மேரிஸ் என்று ஒரு சின்ன ஆங்கிலிக்கன் கோயில். அதன் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரட் கமரன் அடக்கமாகியிருக்கிறார். நம் தமிழில் எழுதினால் பெயரிலேயே கமரா இருக்கிறது பாருங்கள். உலகப் புகைப்பட வரலாறு எந்த மொழியில் எழுதப்பட்டாலும் இவர் பெயர் வராமல் இருக்காது. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் கிளென்கெய்ன் தோட்டத்து பங்களாவில் இறந்தார். ஹட்டனுக்கு ரயில் வந்ததே 1884இல்தான். அதற்கு முன்பே இந்த மலைக்கு வந்து இங்கேயே மண்ணாகிப் போன கலைஞர். நம்மில் எத்தனை பேர் அந்தக் கல்லறையைப் பார்த்திருக்கிறோம்? கை தூக்கச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர். 48 வயதில், 1863 டிசம்பரில், மகள் அன்பளிப்பாகக் கொடுத்த கமராவோடு தொழிலைத் தொடங்கினார். இங்கிலாந்தின் வைட் தீவில் வீட்டுக் கோழிக்கூண்டைக் கண்ணாடி ஸ்டூடியோவாக்கினார், கரிக்கொட்டிலை இருட்டறையாக்கினார். அந்தக் காலத்து முறை ஈரத் தட்டு. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, அது காய்வதற்கு முன் கமராவில் வைத்து எடுத்து, காய்வதற்கு முன்பே கழுவவும் வேண்டும். பத்து நிமிஷம் தவறினால் தகடு வீண். அப்படியானால் மொடல் பிந்தி வந்தால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள். அசைந்தாலும் போச்சு. நமக்கு மெமரி கார்ட்டில் இடம் போனால் போகட்டும். அவருக்கு ஒவ்வொரு தகடும் காசு, கையெல்லாம் கறுத்த கறை.

அந்தக் கறையால் ஒரு பெரிய மொடல் கை நழுவிப்போன கதை உண்டு. 1864இல் இத்தாலிய வீரர் கரிபால்டி அந்தத் தீவுக்குக் கவிஞர் டெனிசனைப் பார்க்க வந்தார். கமரன் அம்மா அவர் முன்னால் முழந்தாளிட்டு, கறுத்த கைகளை நீட்டி, ஒரு படத்துக்கு உட்காரும்படி கெஞ்சினார். கரிபால்டி அவரைப் பிச்சைக்காரி என்று நினைத்துவிட்டார். இது அழுக்கு இல்லை, கலை என்று அம்மா விளக்கம் சொல்லியும் ஆள் உட்காரவில்லை. பின்னாளில் உலகப் புகழ் பெற்றவருக்கே அந்தக் கதி. நீங்கள் வட்ஸ்அப் டிக் நீலமாகவில்லை என்று சோர்ந்து போகிறீர்கள்.

அவர் எப்படிச் சமாளித்தார் என்று பார்த்தால், ஆளுக்கு ஒரு வழி வைத்திருந்தார். முதல் மொடல் ஊரிலிருந்த ஒரு விவசாயி. அவருக்கு மணிக்கு அரை கிரவுண் சம்பளம் கொடுத்தே உட்கார வைத்தார். பல மணி நேரமும் பல அரை கிரவுணும் செலவழித்து எடுத்த படத்தை, ஈரமாயிருக்கும்போதே தன் கையால் தேய்த்து அழித்தும் விட்டார். பிறகு ஆனி என்ற சின்னப் பிள்ளை: நீ அசைந்தால் என் மருந்தும் உழைப்பும் எவ்வளவு வீணாகும் தெரியுமா என்று மனம் உருகப் பேசி அசையாமல் இருக்க வைத்தார். 1864 ஜனவரியில் எடுத்த அந்தப் படத்தைத்தான் தன் முதல் வெற்றி என்று சொன்னார். அதற்குப் பிறகு அவருடைய மேரி மாதாவாகத் திரும்பத் திரும்ப நின்றது வீட்டில் வேலை செய்த மேரி ஹில்லியர் என்ற பெண். கவனியுங்கள்: ஒருவருக்குக் கூலி, ஒருவருக்குக் கெஞ்சல், ஒருவர் வீட்டு வேலையாள். வேலையாள் மட்டும் ஒரு நாளும் வராமல் இருக்கவில்லை.

1875இல் கணவரோடு இலங்கைக்குக் கப்பல் ஏறினார். சவப்பெட்டி இரண்டை முன்கூட்டியே வாங்கி, அதற்குள் பீங்கான் கோப்பைகளை அடுக்கிக் கொண்டு வந்தாராம். துறைமுகத்தில் சாமான் தூக்கியவர்களுக்குக் கூலி கொடுக்கக் கையில் காசில்லை. தான் எடுத்த படங்களைக் கொடுத்தார். டி.எஃப்.பி.க்கு முன்னோடி! அந்தச் சுமை தூக்கிகள் வீட்டுக்குப் போய் அதை வைத்து என்ன செய்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அவருடைய கணவர் சார்ல்ஸ் ஹே கமரன். பள்ளிக்கூட வரலாற்றில் படித்த கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவின் கமரன் இவர்தான். இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை 1832இல் முடித்து வைத்தது அந்த ஆணைக்குழுவின் சிபாரிசு. அவர் எழுதியது நீதித்துறைப் பகுதி என்றாலும் பெயரில் பங்கு உண்டு. பிறகு மலையில் கோப்பித் தோட்டங்கள் வாங்கினார். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் விழுந்தது. அந்தக் குடும்பத்தின் காசும் அதோடு போனது.

இலங்கையில் அம்மா எடுத்த படங்களில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. இங்கே அவருக்கு டெனிசன் இல்லை, டார்வின் இல்லை. மொடல்கள் தோட்டத்து ஆட்களும் களுத்துறைப் பக்கத்துக் கிராமத்தவர்களும். ஓவியர் மரியான் நோர்த் 1877இல் களுத்துறையில் அவரைச் சந்தித்துவிட்டுப் போய் எழுதியதில் ஒரு விஷயம் எனக்கு மறக்கவே மறக்காது. ஒருவருடைய முதுகு அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. உடனே அவரைத் தோட்டக்காரராக வேலைக்கு வைக்கும்படி மகனிடம் பிடிவாதம் பிடித்தார். அந்த வீட்டில் தோட்டம் இல்லை. அந்த மனிதருக்குத் தோட்டக்காரர் என்றால் என்னவென்றும் தெரியாது. சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தால் முதுகு தினமும் வந்து நிற்கும், அவ்வளவுதான். வராத மொடலுக்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான மருந்து யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த மனிதருடைய பெயர் நமக்குத் தெரியாது. 1878இல் எடுத்த களுத்துறைக் கிராமத்தவர் படத்தில், சிறுமிக்கு வயது 12 என்றும், தான் அவளுடைய தகப்பன், தனக்கு நூறு வயது என்று கிழவர் சொல்கிறார் என்றும் குறிப்பு இருக்கிறது. வயதைக் கேட்டிருக்கிறார். பெயரைக் கேட்டு எழுதவில்லை. கொழும்பிலும் கண்டியிலும் இருந்த ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே போட்டோ கம்பெனிகள் விற்ற அட்டைகளிலும் இப்படித்தான்: "தமிழ்ப் பெண்", "கொழுந்து பறிப்பவள்". அமெரிக்காவில் டொரத்தியா லாங் 1936இல் எடுத்த இடம்பெயர்ந்த தாயின் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அந்தத் தாயின் பெயர் வெளியே வர 1978 ஆனது. அவருக்கு அந்தப் படத்தின்மேல் மனத்தாங்கல்தான் இருந்தது.

இப்போது ஒரு சட்டம் சொல்கிறேன், தூங்கிவிடாதீர்கள். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழில் சட்டம். அதன்படி ஒப்பந்தத் தொழிலாளி காரணமில்லாமல் வேலைக்கு வராவிட்டாலோ, சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனாலோ அது குற்றம். சம்பளமும் போகும், மறியலும் கிடைக்கும். அதற்கு மேல் துண்டு முறை: கங்காணியிடம் வாங்கிய கடன் தீர்ந்ததாகத் துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. துண்டு ஒழிந்தது 1921இல். அதாவது கமரன் அம்மா டிக்கோயாவில் கமராவை நிறுத்திய காலத்தில், இந்த மலையில் "வராமல் இருப்பது" பொலிசுக்குப் போகிற விஷயம். தொரையம்மா கூப்பிட்டால் யார் வராமல் இருப்பார்கள்? அந்தப் படங்களில் எல்லாரும் எவ்வளவு ஒழுங்காக வந்து நிற்கிறார்கள் என்று நாம் வியக்கக் கூடாது.

அந்தக் காலத்தில் "முடியாது" என்று தொரையிடமும் கங்காணியிடமும் வாய் திறந்து சொன்ன ஆள் பிழைத்ததில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு, முடிந்தால் மறைந்துவிடுவதுதான் வழி. இது நம் பாட்டன் பூட்டனிடமிருந்து வந்த பாஷை. அந்தத் தங்கச்சி உங்களுக்கு அனுப்பிய கட்டை விரல் அந்த "சரிங்க"தான். கமரா வைத்திருக்கிற ஆள், பேச்சில் ஒரு அதிகாரம், வீட்டுக்குத் தெரிந்த அண்ணன் வேறு; எப்படி முடியாது என்பாள்? காலையில் வராமல் இருப்பதுதான் அவளுடைய "முடியாது".

நான் தொழில் பழகிய ஸ்டூடியோவிலும் வராத ஆட்கள் பிரச்சினை இருந்தது. ஆனால் அது வேறு மாதிரி. 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். கணக்குக்கு எடுத்துக்கொண்டது 975,000 பேர். அதில் 525,000 பேருக்கு இந்தியா, 300,000 பேருக்கு இலங்கை, மிச்சம் பிறகு என்று பிரித்தார்கள். எங்கே போவதென்றாலும் முதலில் போட்டோ வேண்டும். பாஸ்போட்டுக்குப் போட்டோ, பிறகு அடையாள அட்டைக்குப் போட்டோ. யுத்த காலத்தில் ஐ.சி. இல்லாமல் கொழும்புக்குப் போனவன் கதை உங்கள் வீட்டிலேயே இருக்கும். எனக்குத் தொழில் பழக்கிய மாஸ்டர் வெள்ளைப் படங்கு ஒன்றும் வாங்கு ஒன்றும் எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார், நான் பின்னால் பெட்டியைச் சுமப்பேன். ஒரே ஒரு கறுப்புக் கோட்டுத்தான் எங்களிடம். மெலிந்த ஆளுக்குப் பின்பக்கமாக உடுப்புக் கிளிப் நாலு போட்டு இறுக்குவோம். முன்னாலிருந்து பார்த்தால் தைத்துப் போட்டது மாதிரி இருக்கும். அந்தக் கோட்டுக்குள் எத்தனை நூறு தகப்பன்மார் நுழைந்து வெளியே வந்தார்கள் என்று எண்ணிப் பார்க்க முடியாது.

பத்து மணிக்கு என்று சொன்னால் ஒருவரும் வரமாட்டார்கள். போட்டோவுக்கு நின்றால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போய்விடும். மாஸ்டர் ஒரு நாளும் அதற்காகக் கோபப்பட்டதில்லை. விடியற்காலை ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குப் போய் நின்று பார்த்தார். அப்போதும் பொம்பளைகள் நிற்க மறுத்தார்கள். இடுப்பில் படங்கும் தலையில் கொங்காணியுமாக யார் போட்டோ எடுப்பார்கள் என்று கேட்டார்கள். பிறகு மாஸ்டர் கண்டுபிடித்தது பத்தாந் தேதி. சம்பளம் போட்டதும் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவைக் காலை ஏழு மணிக்கே திறந்துவிடுவார். கலியாணச் சேலை, பவுடர், பூ, பிள்ளைகளுக்குப் புதுச் சப்பாத்து என்று படியில் வரிசை நிற்கும்.

இதில் உங்களுக்கு ஒரு சேதி இருக்கிறது. நீங்கள் அந்தத் தங்கச்சியை எப்படி எடுக்க ஆசைப்படுகிறீர்கள்? கூடையோடு, பனியோடு, கொழுந்தோடு. அவளுடைய அம்மா எந்த உடுப்பில் படம் எடுக்கவே மாட்டேன் என்றாரோ, அதே உடுப்பில். படித்து, ஹட்டனில் ஒரு கடையில் வேலை செய்கிற பிள்ளையிடம் போய் "கூடையைத் தூக்கு" என்றால் அவளுக்குக் காலையில் தலைவலி வராமல் என்ன செய்யும்?

இதை எனக்குச் சொல்லித் தந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாள்சம்பளம் 1,000 ரூபாய் ஆன 2021க்குப் பிறகு நடந்தது. ஒரு கலண்டருக்குப் படம் கேட்டிருந்தார்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே ஒரு மலை, காலை ஆறு மணி, கொழுந்து பறிக்கிற ஒரு பிள்ளையிடம் பேசி வைத்திருந்தேன். படமும் பகல் சாப்பாடும் தருவதாகச் சொன்னேன். ஆறரை, ஏழு, ஏழரை. தண்ணீரிலிருந்து பனி எழும்பி மலை முழுக்க மூடிவிட்டது. கோபத்தோடு லயத்துக்கே இறங்கிப் போனேன்.

அந்தப் பிள்ளையின் அம்மாதான் இருந்தார். "அவ கைக்காசுக்குப் போய்ட்டாங்க மாஸ்டர். மழைக்குக் கொழுந்து நல்லா வந்திருக்கு, கிலோவுக்குக் காசு குடுக்கிறாங்க" என்றார். உள்ளங்கையில் சீனி வைத்துப் பிளேன்டீ தந்தார். கைக்காசு என்றால் ஞாயிறு, விடுமுறை நாளில் பறிக்கிற கொழுந்துக்கு உடனுக்குடன் கிடைக்கிற காசு. மழை பெய்து கொழுந்து குவிந்திருக்கிற ஞாயிறுகள் மாதத்தில் அதிகம் வராது. நான் அந்த ஞாயிறைத்தான் ஒரு சோற்றுப் பார்சலுக்குக் கேட்டிருக்கிறேன்.

சுவரில் அந்தப் பிள்ளையின் அப்பாவின் படம், மாலை போட்டு. பெருப்பித்த படம். தோள்பட்டைக்கு மேலே வளைவாக ஒரு ஊதா மைக்கோடு. நான் பார்ப்பதைக் கண்டு அம்மா சொன்னார்: "ஐ.சி. போட்டோவைத்தான் பெருசாக்கினோம். அவருக்கு வேற போட்டோ இல்ல." முத்திரையின் ஓரம் அது. நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினேன்.

அன்றிலிருந்து நான் செய்கிறதைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். காசு இல்லாமல் யாரையும் கூப்பிடுவதில்லை. ஒரு நாள் பேர் எவ்வளவோ அதற்குக் குறையாமல் கொடுக்கவேண்டும். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனபோது நானும் கூட்டினேன். பஸ் காசை முதல் நாளே கையில் கொடுத்துவிடுவேன். அந்தக் காசு போனாலும் பரவாயில்லை. கொடுத்த பிறகு வராமல் விட்டவர்கள் என் கணக்கில் மிகக் கொஞ்சம். நாள் குறிக்கும்போது என் வெளிச்சத்தை மட்டும் பார்ப்பதில்லை. மழைக்குப் பின் கொழுந்து குவிகிற கிழமையா, கோயில் திருவிழாவா, சம்பளத்துக்கு முந்தின நாட்களா என்று அவர்களிடமே கேட்பேன். தனியாக வரச் சொல்லவே மாட்டேன். அம்மா, அக்கா, தோழி, யாராவது கூட வரவேண்டும், அவர்களுக்கும் சாப்பாடு. படம் எங்கே போகும், பேஸ்புக்கில் போடலாமா, கலண்டரில் வருமா என்று முதலிலேயே பேசி, எழுதிக் கையெழுத்தும் வாங்குவேன். பாதிப் பிள்ளைகள் வராமல் விடுவது அண்ணன்மார் அந்தப் படத்தை யாரோ ஒருவனுடைய போனில் பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் நாள் இரவு மெசேஜ் போடாதீர்கள், கோல் எடுங்கள். "நாளைக்கு வாறதானே?" என்று கேட்காதீர்கள், அதற்கு ஒரே பதில்தான் வரும். "ஏலாதெண்டா இப்பவே சொல்லிடு தங்கச்சி, நான் கோவிக்க மாட்டன், வேற நாள் பார்ப்பம்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கோபிக்காமலும் இருங்கள். அதுதான் கஷ்டம்.

ஆள் வராத காலையில் என்ன எடுப்பது என்று கேட்டு எழுதியும் இருந்தீர்கள். ஒன்றும் எடுக்காமலும் வரலாம். நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன்: எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு, எந்த மலையில் முதல் வெயில் விழுகிறது என்று. ஜனவரியிலிருந்து மார்ச் வரை நம் பக்கத்தில் காற்று காய்ந்து வெளிச்சம் கத்தி மாதிரி இருக்கும். ஜூன் பிறந்தால் எட்டு மணிக்குள் முடித்துவிடவேண்டும். வராத மொடல்கள் நிரப்பித் தந்த கொப்பி அது.

நுவரெலியா ரோட்டோரத்தில் வெளிநாட்டுக்காரருக்குக் கூடையோடு நின்று காசு கேட்கிற அம்மாமாரைப் பற்றிச் சிலர் இங்கே குறைபட்டார்கள். "நடிப்பு" என்கிறீர்கள். ஆமாம், நடிப்புத்தான். அவர்கள் நேரத்துக்கு வருகிறார்கள், விலை சொல்கிறார்கள், காசை வாங்கி இடுப்பில் சொருகுகிறார்கள். நூறு வருஷமாகச் சும்மா நின்ற இடத்தில் இப்போது விலை சொல்லி நிற்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை.

கலண்டர்காரருக்கு நான் வேறு படம் கொடுத்தேன், அது போகட்டும். அந்தப் பிள்ளைக்கு நான் மறுபடி சொல்லியனுப்பவில்லை. வெட்கமாக இருந்தது. அடுத்த மாதம் சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை நான் தலவாக்கலையில் ஒரு கலியாண வீட்டில் நின்றேன். இரவு வந்து கடையைத் திறந்து, வேலைக்கு நிற்கிற பையனின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். பென்சிலில் எழுதியிருந்தான்: "காசல்ரீ பக்கமிருந்து அம்மாவும் மகளும் வந்தாங்க. பச்சைச் சேலை. ரெண்டு பேரும் சேந்து ஒரு போட்டோ எடுக்கணுமாம், அம்மாக்குத் தனியா ஒண்ணு. ஒரு மணி நேரம் இருந்தாங்க. மாஸ்டர் வரல்ல."